உமரிச் சாற்றுக்கு ஆதாரம் தேடிய கதை

மருத்துவ நூலகத்தின் உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டது நீங்கள் அல்ல, உங்கள் மேலதிகாரி என்பது எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு முன்னாலும் ஓய்வுபெற்ற ஒருவரைக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்கள். அவர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பேசினார். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது மட்டும் என் நினைவில் இருக்கிறது. இன்றைக்கும் அது நல்ல ஆலோசனைதான். அதற்கு மேல் நான் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

எப்படித் தேடுவது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒரு சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் நீங்கள் தேடி, எடுத்து, அச்சிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிடுவீர்கள். சிக்கல் தேடுவதில் இல்லை. கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது.

உதவி மேசைக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் பதிலோடுதான் வருவார்கள். இந்த மருந்து நல்லது என்று காட்டும் கட்டுரை வேண்டும், இந்தத் தண்ணீர் கூடாது என்று காட்டும் கட்டுரை வேண்டும் என்பார்கள். கடையில் போய் நீலச் சட்டை கேட்பதுபோலக் கேட்பார்கள். நாங்களும் எடுத்துக் கொடுப்போம். உலகத்தில் எழுதப்படாத முட்டாள்தனம் எதுவும் இல்லை, தேடினால் கிடைக்கும்.

என்னுடைய முதல் மேலதிகாரி பேச்சில் சிக்கனமானவர். நீங்கள் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இவருக்கு ஆர் சொன்னது?" கட்டுரை எழுதியவருக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று பின்னுக்குப் பின்னுக்குப் போக வேண்டும். யாரோ ஒருவர் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் அளந்த இடம் வரும் வரைக்கும் போக வேண்டும். சிற்றுண்டிச்சாலைக்காரர் வடை இப்போதுதான் போட்டது என்று சொன்னாலும் அதே கேள்வியைக் கேட்பார். அவரோடு தேத்தண்ணி குடிக்கப் போவது பெரிய அரியண்டம். ஆனால் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் என் சம்பளக் காலம் முழுவதையும் ஓட்டினேன்.

இனிச் சம்பவம். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்பு நடந்தது. அப்போதும் இப்போதும் எனக்கு வீடு புளியங்கூடலில். தினமும் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் வந்து போவேன்.

தீவுப் பகுதிக் கிளினிக் ஒன்றில் வேலை செய்த இளம் பெண் டொக்டர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். சீனி வருத்தக்காரர்கள், அதாவது நீரிழிவு நோயாளிகள், ஆஸ்பத்திரி மருந்தோடு வேறு என்னென்ன நாட்டு மருந்து எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். கிளினிக்குக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக இருத்திப் பாவற்காய், வெந்தயம் என்று பெயர் சொல்லிக் கேட்பார். ஓம், இல்லை என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார்.

"மிஸ், உமரியும் சீனி வருத்தமும் பற்றி என்ன இருந்தாலும் எடுத்துத் தாங்கோ" என்றார். அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஆய்வுக்காரர்களின் கண்ணில் அந்த வெளிச்சத்தைக் கண்டால் நான் கொஞ்சம் கவனமாகிவிடுவேன்.

உமரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலணைப் பக்கம் உப்புத் தரவை வெளியில் சிவப்பும் பச்சையுமாகத் தடித்த இலையோடு கிடக்கும் செடி. வாயில் வைத்தால் கடலை நக்கியது போல இருக்கும். சீனி வருத்தத்துக்கு அதை யாரும் குடித்து நான் கேள்விப்பட்டதில்லை. அதையே சொன்னேன்.

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை" என்றார் டொக்டர். "நான் வன்னிப் பக்கம், எனக்கு இஞ்சத்தைய செடி ஒண்டும் தெரியாது. எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுற ஆக்களைப் பிடிக்க, ஒருத்தரும் குடிக்காத இலை ஒண்டையும் கேள்வியில சேக்கச் சொல்லி என்ர பேராசிரியர் சொன்னவர். கிளினிக்கில விசாரிச்சு உமரியைப் போட்டனான். துவக்கத்தில ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லை. இப்ப கனபேர் ஓம் எண்டினம். எப்ப தொடக்கம் எண்டு கேட்டால், கன காலமா எண்டினம்."

"துவக்கத்தில ஏன் இல்லை எண்டவை?"

"டொக்டருக்குச் சொல்லப் பயந்திருப்பினம் மிஸ். இப்ப பழகிட்டினம். ஒருத்தரும் எழுதாத ஒரு வைத்தியம் இது. பேராசிரியரும் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பச் சொல்லிட்டார். இந்தக் கிழமைக்குள்ள அனுப்ப வேணும்."

பயம் தெளிந்து உண்மை வருவது நடக்கக்கூடியதுதான். மருத்துவ ஆய்வில் அப்படியும் நடந்திருக்கிறது. நான் தேடினேன்.

முதல் நாளே கைநிறையக் கிடைத்தது. பாரிஸிலிருந்து ஒரு இணையப் பக்கம், லண்டனிலிருந்து ஒரு ஆரோக்கிய இதழ், சுவிஸிலிருந்து ஒரு முகநூல் குழு. எல்லாம் தமிழில். உமரிச் சாறு சீனியைக் குறைக்கும், இலங்கையின் வடக்குத் தீவுகளில் காலங்காலமாகக் குடித்து வருகிறார்கள் என்று எல்லாமே சொல்லின. டொக்டருக்கு அனுப்பினேன். "இத்தினை நாட்டில இருந்து சொல்லுதே மிஸ்!" என்று உடனே எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீவில் ஒரு வீட்டில் யாருக்காவது தலையிடி என்றால் அது முதலில் கனடாவுக்குப் போகும். அங்கிருந்து லண்டனுக்குப் போய், பாரிஸில் ஒரு மச்சானிடம் அபிப்பிராயம் கேட்டு, மருந்தின் பெயரோடு திரும்பி வரும். அதன் பிறகுதான் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போவார்கள். வெளிநாட்டு ஆள் "ஆஸ்பத்திரியில் வேலை" என்றால் அந்த வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். வாகனத் தரிப்பிடத்தில் ரிக்கெற் கொடுக்கிற வேலை. நல்ல மனிதர். இதய நோய் பற்றி எங்கள் ஒழுங்கைக்கே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே பல நாடு என்பது என்னைப் பயமுறுத்தவில்லை. பல நாட்டில் இருப்பது ஒரே குடும்பமாக இருக்கலாம்.

இரண்டு விஷயம் உறுத்தியது. பழைய தாவர நூல்களையும் நாட்டு வைத்திய நூல்களையும் அலுமாரியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். உப்பு நிலத்தில் வளரும், சிலர் கீரையாக உண்பார்கள் என்ற அளவில்தான் உமரி இருந்தது. சீனி வருத்தம் என்ற பேச்சே இல்லை. நூலில் இல்லாததால் வழக்கத்திலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் கிடைத்தவை எல்லாமே புத்தம் புதியவை. டொக்டர் கிளினிக்கில் கேள்வி கேட்கத் தொடங்கியதற்கு முந்திய ஒன்றுகூட இல்லை. காலங்காலமாக நடக்கிற ஒன்றைப் பற்றி, உலகம் முழுக்கப் பரந்து கிடந்து எல்லாவற்றையும் எழுதித் தள்ளுகிற எங்கள் சனம், போன வருஷம் வரைக்கும் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என்றால் எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

பழைய கேள்வியோடு பின்னுக்குப் போனேன். பாரிஸ்காரர் லண்டன் இதழைப் பார்த்து எழுதியிருந்தார், எழுத்துப் பிழையோடு சேர்த்து. லண்டன் இதழும் சுவிஸ் குழுவும் ஒரு யூரியூப் காணொளியைக் காட்டின. காணொளியில் பேசியவர் ரொறன்ரோவில் இருக்கும் சிவநேசன். பிறந்த ஊர் நயினாதீவு. தடித்த குளிர்ச்சட்டையோடு, பனிக்கு நடுவில் நின்று உமரியைப் பற்றிப் பேசினார். நயினாதீவில் இருக்கும் தன் தமையன் குணரத்தினம் அதைக் குடித்துச் சீனி இறங்கிவிட்டது என்றார். அங்கே டொக்டர்மாரும் இதை ஆராய்கிறார்கள் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை.

நயினாதீவில் ஒருவருடைய தொலைபேசி இலக்கம் எடுப்பது எங்கள் பக்கத்தில் பெரிய வேலையல்ல. மறுநாள் காலை பஸ்ஸில் கேட்டேன். பண்ணைக்கு வருவதற்குள் கிடைத்தது. தெற்கே ஒரு ஊரில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவர், இப்போது மனைவியோடு ஊரில் இருக்கிறார், மரியாதையான மனிதர் என்ற விபரமும் சேர்ந்து கிடைத்தது. நூலகத்துக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை அழைத்தேன்.

"உமரியோ? கேளும் தங்கச்சி" என்றார் உற்சாகமாக. "நேற்று ஜேர்மனியில இருந்தும் ஒராள் எடுத்துக் கேட்டது."

"உமரி குடிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

"வேற ஆர், டொக்டர்தான்."

"எந்த டொக்டர்?"

"கிளினிக்கில கேள்வி கேட்டு எழுதுற டொக்டர் பிள்ளை. உமரிச் சாறு குடிக்கிறனீங்களோ எண்டு கேட்டவ. நான் இல்லை எண்டனான். வீட்டை வந்து யோசிச்சன். படிச்ச பிள்ளை ஒண்டு, ஒரு காரணமில்லாமல் கேக்குமோ? நல்லதெண்டபடியால்தானே கேட்டிருக்கும். அண்டைக்கே பிடுங்கிவந்து அடிச்சுக் குடிச்சன். தம்பிக்கும் சொன்னனான்."

நான் பேனையைக் கீழே வைத்தேன். பாரிஸ், லண்டன், சுவிஸ், ரொறன்ரோ, நயினாதீவு என்று போன வழி எந்த வாசலில் போய் நின்றதென்றால், யாரும் குடிக்காதது என்று தெரிந்து கேட்கப்பட்ட அந்தக் கேள்வியில். அதை வைத்து ஆய்வு செய்தவரே அதற்கு ஆதாரம் தேடி என்னிடம் வந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. அடுத்த கேள்வியோடு அது நின்றுவிட்டது.

"இப்ப சீனி எப்பிடி அண்ணை?"

"சுகம். இன்சுலின் ஊசியையும் நிப்பாட்டியாச்சு. சுகமான ஆள் கிளினிக்குக்கு ஏன் போக வேணும், அதையும் விட்டிட்டன். திருவிழாவில வெறுங்காலோட சுடுமணலில சுத்தி வந்தது, காலில ஒரு கொப்பளம். அதுதான் ஆறுதில்லை. ஒரு விரல் கொஞ்சம் கறுத்துப்போச்சு. ஆனா நோ இல்லை."

நோ இல்லை என்பதை அவர் நல்ல செய்தியாகச் சொன்னார். நான் டொக்டர் இல்லை. ஆனால் சீனி வருத்தக்காரரின் கறுத்த விரல் நோகவில்லை என்றால் அதில் சந்தோசப்பட ஒன்றும் இல்லை என்று தெரிகிற அளவுக்கு மற்றவர்களுக்காக வாசித்திருந்தேன்.

எங்கள் மேசைக்கு ஒரு விதி உண்டு, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நூலகர் நோயாளிக்கு மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது. நல்ல விதி. அதை உடையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் ஊசியைப் போடுங்கள் என்றால் அவர் என்னை நம்பவும் போவதில்லை. ஆனால் விதி வாயைத்தான் கட்டியிருக்கிறது, தொலைபேசியைக் கட்டவில்லை. வீட்டிலேயே இருங்கோ அண்ணை, உங்களைப் பாக்க ஆக்கள் வருவினம் என்று சொல்லி வைத்துவிட்டு, டொக்டரை அழைத்தேன். கிளினிக்கில் ஆட்கள் நிற்கிறார்கள், பிறகு எடுக்கட்டாம் என்றார்கள். பிறகு ஏலாது, இப்போதே வேண்டும் என்றேன். அப்படி நான் அடிக்கடி பேசுகிற ஆள் இல்லை.

அண்ணை சொன்னதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன்.

"மிஸ், அது நான் சும்மா போட்ட இலை."

"தெரியும்."

"எந்த விரல் எண்டவர்?"

"கேக்கேல்லை. கறுத்துப்போச்சு எண்டவர்."

"நான் இப்ப வெளிக்கிடுறன். நீங்களும் வாங்கோ மிஸ். நான் தனியப் போய்ச் சொன்னா நம்பமாட்டார்."

மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் அன்றைக்குத்தான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் சந்தித்துப் படகேறினோம். கோயிலுக்குப் போகிற சனம், விகாரைக்குப் போகிற சனம், அரிசி மூட்டை, ஒரு குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தோம். பாதிக் கடலில் டொக்டர் கேட்டார்.

"நான் கேட்டது பிழையோ மிஸ்?"

"கேள்வி பிழையில்லை. கேட்டது டொக்டர். எங்கட சனத்துக்கு டொக்டர் கேக்கிறதும் சொல்லுறதும் ஒண்டுதான்."

குணரத்தினம் அண்ணை விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வலது கால் ஒரு ஸ்டூலில், சுற்றிய துணியோடு. பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் பச்சைச் சாறு. எதிரே ஒரு மேசையில் கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருந்தார். அதில் ரொறன்ரோ. அங்கே விடிந்துகொண்டிருந்தது. சிவநேசன் வேலைக்கு வெளிக்கிடும் சட்டையோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். முக்கியமான ஆட்கள் வருகிறார்கள் என்று தமையன் எழுப்பியிருக்கிறார்.

டொக்டர் சுற்றி வளைக்கவில்லை. காலைப் பார்க்க வேண்டும் என்றார். துணியை அவிழ்த்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அதை அவர்களுக்குப் படிப்பிக்கிறார்கள். துணியைத் திரும்பக் கட்டாமல் மடித்து வைத்தார்.

"ஐயா, இண்டைக்கே எங்களோட பெரியாஸ்பத்திரிக்கு வர வேணும். ஊசி திரும்பப் போட வேணும். இந்தச் சாறு சீனிக்கு மருந்தில்லை. இனிக் குடியாதேங்கோ."

"நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்."

"நான் சொல்லேல்லை ஐயா. கேட்டனான்."

தொலைபேசிக்குள்ளிருந்து சிவநேசன் குறுக்கிட்டார். "அண்ணை, நான் சொன்னனான்தானே. வெளியில தெரியவந்த உடன மறைக்கப் பாக்கினம். எங்கட ஊர் மருந்து எண்டால் இவைக்குப் பொறுக்காது. மருந்துக் கொம்பனியள் விடுமோ?"

இந்தக் கட்டத்தில் கையில் இருக்கும் கட்டுரைகளை எடுத்து வீச வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரு மனிதன் தன் தம்பியை நம்பிக்கொண்டிருக்கும்போது கட்டுரைக்கு அங்கே இடமில்லை.

அண்ணை தம்பியைக் கையமர்த்தினார். "நீ கொஞ்சம் பொறு. பிள்ளை, மருந்தில்லை எண்டால் அப்ப ஏன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

டொக்டர் நினைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆய்வுக்குப் பொதுவாகக் கேட்பது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவர் நேராகவே சொன்னார்.

"அதை ஆரும் குடிக்கிறேல்லை எண்டு தெரிஞ்சுதான் கேட்டனான் ஐயா. உண்மை சொல்லாமல், எல்லாத்துக்கும் ஓம் போடுறவை ஆர் எண்டு பிடிக்கிறதுக்குக் கேட்ட கேள்வி அது."

உள்ளே குசினியில் அவருடைய மனைவி ஏதோ கழுவிக்கொண்டிருந்தவர் கழுவுவதை நிறுத்தினார்.

"நாங்கள் பொய் சொல்லுறமோ எண்டு பாத்தனீங்கள்" என்றார் அண்ணை.

"ஓம் ஐயா."

"நான் இல்லை எண்டுதானே சொன்னனான்."

"ஓம். நீங்கள் உண்மை சொன்னனீங்கள்."

"சொன்னனான். பிறகு வெக்கமாப் போச்சு. டொக்டர் பிள்ளை இவ்வளவு கரிசனையாக் கேட்டது, நான் இல்லை எண்டு சொல்லிட்டு வந்திட்டன் எண்டு. அடுத்த முறை கேட்டால் ஓம் எண்டு சொல்ல வேணும். பொய்யாச் சொல்லக்கூடாது. அதுக்குத்தான் பிள்ளை குடிச்சனான்."

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் வேறெங்கோ பார்க்க வேண்டியிருந்தது. பொய்யரைப் பிடிக்க வைத்த பொறியில் அந்தத் தீவிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரு மனிதர் போய் மாட்டியிருந்தார். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வாசித்திருக்கிறேன், அதைப்போல எதுவும் என்னைச் சுட்டதில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்றார் டொக்டர்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் புத்தகம் பாக்கிற ஆள். மற்ற நாட்டில எல்லாம் எழுதியிருக்கினமே. அது பொய்யோ?"

"எல்லாத்தையும் பாத்தனான் அண்ணை. பாரிஸ் ஆளுக்கு லண்டன் ஆள் சொன்னது. லண்டன் ஆளுக்கு உங்கட தம்பி சொன்னது. தம்பிக்கு நீங்கள் சொன்னது."

அவர் யோசித்தார். நெடுங்காலம் கடை வைத்திருந்த மூளை. எனக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப மொத்தக் கடை ஒண்டுதான். மற்றதெல்லாம் சில்லறைக் கடை."

"ஓம் அண்ணை."

"மொத்தக் கடை நான்."

"ஓம்."

"எனக்கு ஒண்டும் தெரியாதே."

தன் காலைப் பார்த்தார். பிறகு எட்டித் தொலைபேசியை எடுத்தார். அதன் முகத்தைத் திருப்பி, அவிழ்த்துக் கிடந்த தன் காலுக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, பார். உலகம் முழுக்க என்னைத்தான் காட்டுதாம். அப்ப இதையும் காட்டு."

ரொறன்ரோவில் கோப்பிக் கோப்பை மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சிவநேசன் அதுவரை அந்தக் காலைப் பார்த்ததில்லை. தமையன் முகத்தை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார், சிரித்த முகமாக. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அது காணொளியில் கேட்ட குரலாக இருக்கவில்லை.

"அண்ணை... போங்கோ. இப்பவே போங்கோ."

அடுத்த படகிலேயே கூட்டிக்கொண்டு வந்தோம். குளிர்சாதனப் பெட்டியை இறக்கியவர்கள் கதிரையோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். வழி முழுக்க அவர் டொக்டரோடு பேசவில்லை. குறிகட்டுவானில் இறங்கும்போது மட்டும், "பிள்ளை சாப்பிட்டதோ?" என்று கேட்டார். டொக்டர் அழுதது அப்போதுதான்.

ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று சத்திரசிகிச்சை செய்தவர்கள் சொன்னார்களாம். கிளினிக்கில் உமரி குடிப்பதாகச் சொன்ன மற்றவர்களை டொக்டர் ஒவ்வொருவராகத் தேடிப்போனார். ஊசியை விட்டவர் வேறு யாரும் இல்லை. சிலர் குடிக்கவே இல்லை. காணொளியைப் பார்த்துவிட்டு, டொக்டர் சந்தோசப்படட்டும் என்று ஓம் சொன்னவர்கள். அவரவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாநாட்டுக்குப் போகவில்லை. பேராசிரியர் சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு டொக்டர் நடந்ததை நடந்தபடியே ஒரு கட்டுரையாக எழுதினார், கேள்வி கேட்டே ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிடலாம் என்று. நல்ல கட்டுரை. அதிகம் பேர் வாசிக்கவில்லை.

சிவநேசனும் பழைய காணொளியை எடுத்துவிட்டு, தமையனின் காலைக் காட்டிப் புதிதாக ஒன்று போட்டார். அதையும் அதிகம் பேர் பார்க்கவில்லை. சுகம் வந்த கதையைக் கேட்க ஆயிரம் பேர் வருவார்கள், சுகம் வராத கதைக்குச் சொந்தபந்தம் மட்டும்தான் வரும். ஆனால் அவர் போட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை.

அண்ணை மறுபடி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். யாராவது டொக்டர் எதையாவது குடிக்கிறீர்களா என்று கேட்டால், "இது சொல்லுறியளோ, கேக்கிறியளோ?" என்று முதலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறாராம். அங்கே அவரைக் கண்டால் கொஞ்சம் அலுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. நான் அவர் பக்கம்.

இவ்வளவுதான். தலையங்கம் போட்டுப் பாடம் எழுதித் தரச் சொன்னார்கள், அது எனக்கு வராது. நாளைக்கு மேசைக்கு வந்து இருந்ததும் முதல் வேலையாக உமரியையும் சீனி வருத்தத்தையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். போன கிழமை நானும் வீட்டிலிருந்து தேடிப் பார்த்தேன். பழைய பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, புதிதாகவும் சில முளைத்திருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் டொக்டரின் கட்டுரையைத் தலைப்பு மட்டும் வாசித்துவிட்டு, உமரியை இலங்கையில் டொக்டர்மார் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று ஆதாரம் காட்டுகிறது. அதற்குக் கீழே, உமரிச் சாறு குடித்து நயினாதீவில் ஒருவர் பூரண சுகமடைந்தார் என்றும் போட்டிருக்கிறது.

அந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு வலது காலில் நாலு விரல்.